இடிக்கப்பட்ட ஆங்கிலேய மாளிகைகளின் ஓவியக்கூடங்கள்: உண்மையில் தொலைந்தது என்ன?

சுவரோவியன் (இழையைத் தொடங்கியவர்)

வாஷிங்டன் நேஷனல் கேலரியில் ரஃபேல் வரைந்த இரண்டு மடோனா (குழந்தை இயேசுவோடு மேரி) படங்கள் உண்டு. ஒன்றின் பெயர் ‘சின்ன கூப்பர் மடோனா’, மற்றதன் பெயர் ‘நிக்கொலினி-கூப்பர் மடோனா’. லண்டன் நேஷனல் கேலரியில் ரெம்பிராண்ட் வரைந்த பெரிய குதிரைவீரர் படம் ஒன்று இருக்கிறது. குதிரைமேல் இருப்பவர் பிரெடெரிக் ரிஹெல் என்ற ஆம்ஸ்டர்டாம் வணிகர். இந்த மூன்றும் ஒரு காலத்தில் ஒரே வீட்டுச் சொத்து. ஹெர்ட்ஃபோர்ட்ஷையரில் இருந்த பான்ஷாங்கர்தான் அந்த வீடு. இன்று அங்கே பூங்கா இருக்கிறது, பேர்பெற்ற ஒரு பழைய ஓக் மரம் இருக்கிறது, ஜல்லிக்காகத் தோண்டிய பள்ளங்கள் இருக்கின்றன. வீட்டை 1953-54இல் இடித்துவிட்டார்கள்.

படங்களைச் சேர்த்தவர் மூன்றாம் கூப்பர் பிரபு. ஊர் சுற்றிப் பார்க்க இத்தாலி போனவர், ஃபுளோரன்ஸிலேயே தங்கிவிட்டார். அந்த ஊர் உஃபிட்சி ஓவியக்கூடத்தின் ஓர் அறையை சோஃபனி வரைந்த ‘உஃபிட்சியின் ட்ரிபூனா’ என்ற படத்தில் அவரைப் பார்க்கலாம். அதில் சோஃபனி தன்னையும் வரைந்துகொண்டு, ரஃபேலின் மடோனாவைத் தூக்கிப் பிடித்து அவருக்குக் காட்டுகிறார். விற்கிற கை, வாங்குகிற கண் இரண்டும் ஒரே படத்தில்! அந்த மடோனாதான் பிறகு நிக்கொலினி-கூப்பர் என்று பெயர் பெற்றது.

பான்ஷாங்கரில் இந்தப் படங்களுக்கென்றே மேற்கூரையிலிருந்து வெளிச்சம் விழும் ஒரு கூடம் இருந்தது. ஏழாம் பிரபு வாரிசின்றி 1905இல் இறந்தார். 1913இல் வீடு அவருடைய சகோதரி மகளான டெஸ்பரோ சீமாட்டிக்கு வந்தது. சின்ன மடோனா அந்தச் சமயத்திலேயே விற்கப்பட்டு அமெரிக்காவின் வைடனர் குடும்பத்துக்குப் போனது. மற்ற மடோனாவை 1928இல் அமெரிக்கக் கோடீஸ்வரர் மெலன் வாங்கினார். சீமாட்டியின் இரண்டு மகன்கள் 1915இல் போரில் இறந்தார்கள், மூன்றாமவர் 1926இல். 1952இல் அவரும் போனபின் வீட்டைக் கட்டிக் காக்க ஆளில்லை. வீட்டுப் பொருள்கள் ஏலத்துக்குப் போயின, அப்புறம் வீடே சாமான் விலைக்குப் போனது.

என் கேள்வி இதுதான். படங்கள் பத்திரமாக இருக்கின்றன, பார்க்கவும் முடிகிறது. ஆனால் எதை எதன் பக்கத்தில் மாட்டினார்கள், எந்தச் சுவரில், எந்த வெளிச்சத்தில், எந்த அறையைத் தாண்டி வந்தால் அது கண்ணில் படும் என்பதெல்லாம் போய்விட்டது. அந்த ஏற்பாட்டையும் ஒரு கலைப்படைப்பாகவே பார்க்கிறேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

குறுக்குக்கேள்வி

நல்ல இழை. ஆனால் எனக்கு இதில் பெரிய துக்கம் வரவில்லை.

பான்ஷாங்கரில் அந்த ரஃபேலை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? விருந்தாளிகள், சிபாரிசுக் கடிதத்தோடு வந்தவர்கள், வீட்டுக் காரியக்காரியின் கையில் சில்லறை வைத்து உள்ளே நுழைந்த நாகரிகக் கூட்டம். தோட்டக்காரர் பார்த்தாரா? வாஷிங்டனில் நுழைவுச்சீட்டே கிடையாது, யார் வேண்டுமானாலும் போகலாம்.

பணம் எங்கிருந்து வந்தது என்பது அடுத்தது. வில்ட்ஷயரில் ஃபான்ட்ஹில் அபி என்ற மாளிகையைக் கட்டிய பெக்ஃபோர்டின் சொத்து முழுக்க ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களிலிருந்து, அடிமைகளின் உழைப்பிலிருந்து வந்தது. அப்படிப்பட்ட கூடம் போனதற்கு நாம் ஏன் ஒப்பாரி வைக்க வேண்டும்?

ஏலக்குரல்

பணத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் வான்ஸ்டெட் மாளிகையைச் சொல்லியே ஆக வேண்டும். அதில் நம் ஊருக்கும் ஒரு நூல் இருக்கிறது.

எசெக்ஸில் இருந்த அந்த எஸ்டேட்டை 1673இல் வாங்கியவர் சர் ஜோசையா சைல்ட். கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைவராக இருந்தவர். 1688இல் மதராஸ் மாநகராட்சி தொடங்கியதே இவர் யோசனைதான். இவர் மகன் ரிச்சர்ட் 1715 முதல் அங்கே கட்டியது இங்கிலாந்தின் முதல் பெரிய பல்லாடியன் பாணி (இத்தாலியக் கட்டடக்கலைஞர் பல்லாடியோவைப் பின்பற்றிய பாணி) மாளிகைகளில் ஒன்று. வடிவமைத்தவர் காலன் கேம்பல், உள்ளே விதானத்தில் ஓவியம் தீட்டியவர் வில்லியம் கென்ட். ஹோகார்த் அந்த வீட்டில் கூடியிருந்த குடும்பத்தை வரைந்த படம் பிலடெல்பியா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த அறை எப்படி இருந்தது என்று நமக்குத் தெரிவதற்கு அந்தப் படமும் ஒரு காரணம்.

நூறு ஆண்டு கழித்து வீடு கேதரின் டில்னி-லாங் என்ற இளம்பெண்ணுக்கு வந்தது. அவரைக் கட்டிக்கொண்டவர் வெலிங்டன் பிரபுவின் அண்ணன் மகன் வில்லியம். தண்ணீராகச் செலவழித்தார். 1822இல் வீட்டுப் பொருள்கள் 32 நாள் ஏலம் போயின. படங்கள், சிலைகள், நாற்காலிகள், திரைச்சீலைகள், சமையலறைப் பாத்திரம் வரைக்கும். பிறகு கட்டடத்தையே இடிப்புக்காரர்களுக்கு 10,000 பவுனுக்கு விற்றார்கள். 1825க்குள் கல் கல்லாகப் பிரித்தாயிற்று. அதே ஆண்டு கேதரினும் இறந்தார். இன்று வீடு இருந்த இடம் கோல்ஃப் மைதானத்துக்குள் இருக்கிறது.

ஏலம் எப்படி நடக்கும் என்பதையும் சொல்கிறேன், அழிவு நடப்பதே அங்கேதான். முதலில் ஒவ்வொரு பொருளுக்கும் எண் ஒட்டுவார்கள். ஜோடியாகச் செய்த இரண்டு மேசைகளுக்கு வேறு வேறு எண் விழுந்தால், இரண்டும் இரண்டு ஊருக்குப் போகும். படத்துக்கென்று செய்த சட்டகம், படத்துக்குக் கீழே நிற்கவென்று செய்த மேசை, அதற்கு மேலே இருந்த விளக்கு என்று ஒவ்வொன்றும் தனி வரி. படங்களை விற்ற பிறகு கடைசியில் ‘கட்டடப் பொருள்’ ஏலம்: கூரை ஈயம், கணப்பு முகப்புகள், கதவுகள், ஓக் பலகைகள். ஈயம் கழன்ற கூரைக்குக் கீழே சாந்துப்பூச்சு வேலை அடுத்த மழைக்கே போய்விடும்.

சுவரோவியன் அண்ணா சொல்கிற அந்த ‘ஏற்பாடு’ கடைசியாக முழுதாக இருப்பது ஏலப் பட்டியலின் பக்கங்களில்தான். அறை அறையாக எழுதியிருப்பதால் எது எங்கே இருந்தது என்று ஓரளவு மீட்க முடிகிறது. வீட்டைச் சிதறடித்த அதே தாள்தான் நமக்குச் சாட்சி.

கூரைவெளிச்சம்

நான் கட்டடக்கலை பக்கம். குறுக்குக்கேள்வி சார் கேட்டதற்கு வேலை சார்ந்த ஒரு பதில்.

பக்கவாட்டு ஜன்னலிலிருந்து வெளிச்சம் வந்தால் வார்னிஷ் பூசிய எண்ணெய் ஓவியம் பளபளக்கும், பாதிப் படம் தெரியாது. மேலிருந்து விழுந்தால் அந்தத் தொந்தரவு குறைவு, நான்கு சுவரையும் முழுக்கப் பயன்படுத்தலாம். இன்றைய அருங்காட்சியகக் கூரைகளுக்கு முன்மாதிரி என்று எல்லோரும் காட்டுவது லண்டனில் 1817இல் திறந்த டல்லிச் ஓவியக்கூடத்தை, சோன் என்ற கட்டடக்கலைஞர் கட்டியது. ஆனால் அதே காலத்தில் மாளிகைகளிலும் இந்தச் சோதனை நடந்துகொண்டிருந்தது. கண்ணாடிக் கூரையை எவ்வளவு உயர்த்துவது, எவ்வளவு அகலம், மேல்வரிசைப் படங்களை முன்னால் எவ்வளவு சாய்த்து மாட்டுவது, சுவருக்குச் சிவப்புப் பட்டா வேறு நிறமா என்பதெல்லாம் கண்ணால் பார்த்துப் பார்த்து முடிவு செய்த விஷயங்கள். அந்தக் கூடங்களை இடித்தபோது அந்தத் தீர்வுகளும் போயின. வரைபடம் இருந்தாலும் வெளிச்சத்தை வரைபடத்தில் பார்க்க முடியாது.

எப்படி இருந்திருக்கும் என்று தெரிய வேண்டுமானால் சசெக்ஸில் பெட்வொர்த்துக்குப் போங்கள். அங்குள்ள வடக்குக் கூடத்தில் படங்களும் சிலைகளும் மேல்வெளிச்சத்தில் நெருக்கமாக நிற்கின்றன. 1947இல் நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பிடம் போனதால் தப்பித்தது.

தேம்ஸ்கரை

நான் சர்ரேயில் வேலை பார்க்கிறேன், டீப்டீன் எனக்குப் பக்கம். அதை விட்டுவிட்டு இந்த இழை எப்படி?

தாமஸ் ஹோப். ஆம்ஸ்டர்டாம் வங்கிக் குடும்பம், பிரெஞ்சுப் படை வந்ததும் லண்டனுக்கு வந்துவிட்டவர்கள். மனிதருக்கு வீட்டு அலங்காரம் ஒரு வெறி. லண்டன் டச்சஸ் தெருவில் இருந்த வீட்டை ஒவ்வொரு அறைக்கும் ஒரு கருத்து என்று அமைத்தார். எகிப்து அறை, கிரேக்கச் சாடிகளுக்கு வரிசையாக அறைகள், சிலைகளுக்கு ஒரு கூடம். 1804இல் ராயல் அகாடமி உறுப்பினர்களுக்குத் தன் வீட்டைப் பார்க்க நுழைவுச்சீட்டு அனுப்பி வைத்தார். ‘சீட்டு வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்க நாங்கள் என்ன வேடிக்கை பார்க்க வந்தவர்களா’ என்று அவர்களுக்குக் கோபம். எனக்கு ஹோப்பின் பக்கம்தான் நியாயம் தெரிகிறது, குறைந்தபட்சம் ஆள் கதவைத் திறந்தாரே!

1807இல் டார்க்கிங் அருகே டீப்டீனை வாங்கினார். வில்லியம் அட்கின்சன் என்ற கட்டடக்கலைஞரை வைத்துப் பெரிதாக்கினார். சிலைக் கூடம், அரைவட்டமாக ஓர் ‘அரங்கு’, அதில் படிப்படியாகச் சிலைகளும் சாம்பல் கலசங்களும், அங்கிருந்து செடி வளர்க்கும் கண்ணாடி அறை. வெள்ளைப் பளிங்குக்கும் பச்சை இலைக்கும் இடையே சுவரே இல்லாத மாதிரி. இதெல்லாம் தெரிவது அந்தக் காலத்தில் வரைந்த நீர்வண்ணப் படங்களால். டீப்டீனைப் பற்றி நூல் போடும் திட்டத்தில் வரைந்தார்கள், நூல் வரவேயில்லை. படங்கள் மிஞ்சின.

1917இல் ஏலம். யார் யாருக்குப் போனது பாருங்கள். தோர்வால்ட்சனின் ‘யாசோன்’ சிலை கோபன்ஹேகனுக்குப் போனது. 1803இல் ரோமில் கையில் காசில்லாமல் ஊருக்குத் திரும்ப இருந்த அந்தச் சிற்பியிடம் ஹோப் போய் ‘பளிங்கில் செய்து கொடு’ என்று சொன்னதால்தான் அவர் அங்கேயே தங்கினார், பெரிய ஆளானார். சிலை வந்து சேர்ந்தது 1828இல், கால் நூற்றாண்டு தாமதம். இப்போது அவர் பெயரிலேயே உள்ள அருங்காட்சியகத்தில் நிற்கிறது. கனோவாவின் வீனஸ் இப்போது லீட்ஸில். பழைய ரோமானிய அதீனா லாஸ் ஏஞ்சலஸில். ஃபிளாக்ஸ்மன் செதுக்கிய ‘செஃபாலஸும் ஆரோராவும்’ சிலையை வாங்கியவர் லீவர் பிரபு. அது போர்ட் சன்லைட்டில் உள்ள லேடி லீவர் கூடத்தில் இருக்கிறது. ஆமாம், சன்லைட் சோப்பு லீவர்தான்.

வீடு முதலில் ஹோட்டல் ஆனது. இரண்டாம் உலகப்போரில் சதர்ன் ரயில்வேயின் தலைமையகம், பிறகு பிரிட்டிஷ் ரயில்வே அலுவலகம். 1969இல் இடித்து அந்த இடத்தில் ஓர் அலுவலகக் கட்டடம் கட்டினார்கள். குடும்பக் கல்லறை மண்டபத்தைக்கூட மண்ணைப் போட்டு மூடியிருந்தார்கள். இப்போது தோண்டி எடுத்துச் சீர்செய்திருக்கிறார்கள், 2016 முதல் நடைபாதையும் உண்டு. போகிறவர்கள் மழைக்காலத்தில் நல்ல ஷூ போட்டுப் போங்கள், சரிவு வழுக்கும்.

புதியவள்

தேம்ஸ்கரை அண்ணா, எழுதியதற்கு நன்றி. ஒரு சந்தேகம்: 1969 வரைக்கும் அரசாங்கம் சும்மா பார்த்துக்கொண்டா இருந்தது? யாராவது வாங்கி அருங்காட்சியகம் ஆக்கியிருக்கலாமே?

ஏலக்குரல்

புதியவள், இலவசமாகக் கொடுத்தே வாங்கவில்லை. ஸ்டாஃபர்ட்ஷையரில் டிரென்தம் என்று ஒரு பிரம்மாண்ட மாளிகை. நாடாளுமன்றக் கட்டடத்தைக் கட்டிய சார்லஸ் பாரி புதுப்பித்துக் கொடுத்தது. சொந்தக்காரர் சதர்லண்ட் பிரபு. வாசலில் ஓடும் டிரென்ட் ஆறு, மேலே இருந்த பீங்கான் ஆலை ஊர்களின் சாக்கடையைச் சுமந்து வந்தது. நாற்றம் தாங்காமல் குடும்பம் வெளியேறி 1905இல் உள்ளாட்சிக்கே கொடுக்க முன்வந்தது. ஆறு இப்படி இருக்கும்போது கட்டடம் எதற்கு என்று மறுத்துவிட்டார்கள். 1911-12இல் இடித்தார்கள். தோட்டத்தில் செல்லினியின் பெர்சியூஸ் சிலையின் வெண்கல நகல் இன்றும் நிற்கிறது.

சட்டத்தின் கதை சுருக்கமாக: 1870களிலிருந்து அமெரிக்கத் தானியம் வந்து குவிந்து நிலத்தின் வருமானம் சரிந்தது. பரம்பரைச் சொத்தாகப் பூட்டி வைத்திருந்த படங்களை நீதிமன்ற அனுமதியோடு விற்க 1882ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிட்டது. 1894இல் இறந்தவரின் சொத்துக்கு மரண வரி வந்தது, அதிகபட்சம் 8 சதவீதம். 1919இல் 40, 1949இல் 80. படங்கள் நாட்டைவிட்டுப் போவதை நிறுத்திப் பார்க்கும் விதிமுறைகள் ஒழுங்காக வந்தது 1952இல்தான். பாதுகாக்க வேண்டியது என்று அரசு பட்டியலிட்ட கட்டடத்தை இடிக்க முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும் என்றானது 1968ஆம் ஆண்டுச் சட்டத்தில். அதற்கு முன்பு இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்தால் போதும்.

குறுக்குக்கேள்வி

மன்னிக்கவும் ஏலக்குரல், வரியைச் சொல்வது சொந்தக்காரர்களின் பழைய பல்லவி. நீங்களே சொன்ன வான்ஸ்டெட் போனது 1822இல். அப்போது என்ன மரண வரி? ஊதாரித்தனம்.

ஃபான்ட்ஹில்லும் அப்படித்தான். சர்க்கரை விலை விழுந்தது, பெக்ஃபோர்ட் கடனில் மூழ்கினார். 1822இல் ஏலம் அறிவித்து, ஒரு கினி கொடுத்துப் பட்டியல் வாங்கியவர்களை உள்ளே விட்டு, ஊரே திரண்டு வந்து பார்த்த பிறகு, ஏலத்தை ரத்து செய்து மொத்தமாக ஜான் ஃபார்குவருக்கு விற்றார். ஃபார்குவர் யார்? வங்காளத்தில் கம்பெனிக்கு வெடிமருந்து செய்து கொடுத்துப் பணம் சேர்த்தவர். அவர் மறு ஆண்டே பொருள்களை 37 நாள் ஏலத்தில் தள்ளிவிட்டார். 1825 டிசம்பரில் கோபுரம் தானாகவே இடிந்து விழுந்தது. அரசன் பெயரில் ஒரு கூடம், தேவதூதன் மைக்கேல் பெயரில் ஒரு கூடம் என்று நீளநீளமாகக் கட்டினார், அஸ்திவாரத்தைச் சரியாகப் போடவில்லை.

ஆக, அடிமை உழைப்பில் எழுந்து கம்பெனிப் பணத்துக்குக் கைமாறிய கூடம். பெக்ஃபோர்டிடம் இருந்த, வெனிஸ் ஆட்சித்தலைவர் லொரேடானைப் பெல்லினி வரைந்த படம் 1844இல் 630 பவுனுக்கு லண்டன் நேஷனல் கேலரிக்கு வந்தது. இன்று அது பொதுச் சொத்து. இதைவிட நல்ல முடிவு வேறென்ன?

சுவரோவியன்

பணத்தைப் பற்றி நீங்கள் சொல்வதில் மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் அதையே உங்களுக்கு எதிராகத் திருப்புகிறேன். நேஷனல் கேலரியில் லொரேடான் படத்தின் முன் நிற்கும்போது ஜமைக்கா ஞாபகம் வருகிறதா? வெனிஸ்தான் ஞாபகம் வரும். படம் எந்தப் பணத்தில், எந்தப் பகட்டுக்காக, யார் முன் காட்ட மாட்டப்பட்டது என்பதை அந்தக் கூடம் மறைக்கவே முடியாது. கூடம் போனபோது சாட்சியமும் போனது. வெள்ளைச் சுவரில் தனியாக மாட்டியதும் படம் குளித்துச் சுத்தமாகிவிடுகிறது. குற்றம் தெரிய வேண்டும் என்பவர்தான் கூடத்தைக் காப்பாற்றச் சொல்லியிருக்க வேண்டும்.

வரி பற்றியும் ஒன்று. 1894க்கு முன் போனவை சிலவே, அவை தனிமனிதர்களின் கதைகள். இருபதாம் நூற்றாண்டில் போனவை வெள்ளம். 1974இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இதற்கென்றே ஒரு கண்காட்சி வைத்தபோது, விழும் தூண்கள் மாதிரி அமைத்து, அவற்றில் இடிந்த வீடுகளின் புகைப்படங்களை ஒட்டி, பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்து ஒலிபரப்பினார்கள். ஊதாரி மருமகன்கள் அத்தனை பேர் இருந்திருக்க முடியாது.

வரியிலேயே வழியும் இருந்தது. டெவன்ஷயர் பிரபு 1950இல் இறந்தபோது, வாரிசுக்கு மாற்றிய சொத்து வரியிலிருந்து தப்ப அவர் உயிரோடு இருக்க வேண்டிய ஐந்தாண்டுக் கெடு முடிய 14 வாரம் இருந்தது, 80 சதவீத வரி விழுந்தது. அதற்கு ஈடாக ஹார்ட்விக் மாளிகையை அரசு எடுத்துக்கொண்டு 1959இல் நேஷனல் டிரஸ்ட்டிடம் கொடுத்தது. அங்குள்ள நீளக் கூடத்தில் திரைச்சீலைகளும் அவற்றின் மேலேயே மாட்டிய உருவப்படங்களும் இன்றும் இருக்கின்றன. பான்ஷாங்கருக்கும் இதைச் செய்திருக்கலாம். செய்யவில்லை.

கூரைவெளிச்சம்

அருங்காட்சியகம் பத்திரம் என்று எல்லோரும் தலையாட்டுகிறோம். ஹோப் குடும்பத்தின் டச்சு ஓவியங்கள் 1898இல் மொத்தமாக விற்கப்பட்டன. அதில் ரெம்பிராண்டின் ‘கலிலேயக் கடலில் புயல்’ பாஸ்டனில் இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் அம்மையாரிடம் போனது. 1990 மார்ச்சில் போலீஸ் வேஷத்தில் வந்த திருடர்கள் அதைச் சட்டகத்திலிருந்து அறுத்துக்கொண்டு போனார்கள், இன்றுவரை கிடைக்கவில்லை. அம்மையாரின் உயிலில் எதையும் இடம் மாற்றக்கூடாது என்று இருப்பதால் வெறும் சட்டகத்தை அதே சுவரில் விட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு வீட்டின் ஏற்பாட்டை அப்படியே காப்பாற்ற வேண்டும் என்று உயில் எழுதினவர், இன்னொரு வீட்டின் ஏற்பாடு கலைந்ததில் வாங்கியிருக்கிறார் என்பதையும் கவனியுங்கள்.

தேம்ஸ்கரை

சூப்பர். அறைகளே கிளம்பிப் போன கதைகளும் உண்டு. வாட்ஃபோர்டில் காஸியோபரி மாளிகையை 1927இல் இடித்தார்கள், அதன் செதுக்குவேலைப் படிக்கட்டு நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. வில்ட்ஷயரின் பவுட் மாளிகையில் பெரிய வீட்டை 1955-56இல் இடித்தபோது ராபர்ட் ஆடம் செய்த சாப்பாட்டு அறையை லாய்ட்ஸ் இன்சூரன்ஸ்காரர்கள் வாங்கினார்கள். ஸ்டீல் குழாய்களெல்லாம் வெளியே தெரிகிற அவர்களுடைய லண்டன் கட்டடத்தின் 11ஆம் மாடியில் இப்போது அது கூட்ட அறை!

குறுக்குக்கேள்வி

சுவரோவியன், சாட்சியம் என்ற உங்கள் வாதம் எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் முழுக்க ஏற்கவில்லை. ஹார்ட்விக், பெட்வொர்த் போன்ற இடங்களில் கூடம் அப்படியே இருக்கிறது. போகிறவர்கள் பணம் எங்கிருந்து வந்தது என்றா கேட்கிறார்கள்? தேநீரும் கேக்கும் சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள். கூடம் தானாகப் பேசாது, பக்கத்தில் யாராவது எழுதி வைக்க வேண்டும். எழுதி வைப்பதென்றால் வாஷிங்டனிலும் எழுதி வைக்கலாமே.

புதியவள்

எழுதித்தான் வைத்திருக்கிறார்கள் சார், ஆனால் சுவரில் இல்லை. இப்போதுதான் வாஷிங்டன் கேலரியின் தளத்தில் சின்ன கூப்பர் மடோனாவின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். படம் கைமாறிய வரிசை முழுக்க இருக்கிறது, பான்ஷாங்கர் உட்பட. கீழே வரை இறக்கிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இதே மாதிரி ஹோப்பின் சிலைகளையும் ஒவ்வொரு அருங்காட்சியகத் தளத்திலும் தேடி, டீப்டீன் நீர்வண்ணப் படங்களோடு வைத்து ஒரு பட்டியல் போட்டால் என்ன? நான் லீட்ஸையும் லேடி லீவரையும் எடுத்துக்கொள்கிறேன்.

ஏலக்குரல்

நல்லது. 1917 ஏலப் பட்டியலை நான் பார்த்துக்கொள்கிறேன். எண், பொருள், இப்போது எங்கே என்று மூன்று பத்தி போதும், பணம் பற்றிய குறிப்புக்கு நாலாவது பத்தியைக் குறுக்குக்கேள்வி சார் நிரப்பட்டும். கோபன்ஹேகன் யாருக்கு?